பெயரும் மதிப்பும்: பொதுப்பெயர் மருந்துகளும் சமுதாயத்தின் மிகைமதிப்பீடுகளும்

முன்னுரை

தான் வாங்கும் பொருளின் தரத்தைத் தானே ஆராய்ந்து அறியும் வாய்ப்பு மனிதனுக்கு அரிதாகவே அமைகின்றது. ஆகவே, அவன் சில அடையாளங்களை நம்பி முடிவெடுக்கின்றான். விலை, வணிகப்பெயர், புதுமை ஆகியன அத்தகைய அடையாளங்களுள் முதன்மையானவை. இவை பயனற்றவை அல்ல. ஆயினும், அடையாளங்களாக இருக்க வேண்டியவை காலப்போக்கில் விழுமியங்களாகவே போற்றப்படும்போது சிக்கல் தோன்றுகின்றது. ஆடைக்கும் கைப்பேசிக்கும் மிகுதியாகச் செலவிடுவதனால் நேரும் இழப்பு பெரும்பாலும் பணத்தோடு நின்றுவிடும். மருந்தின் நிலை வேறு. விலை கட்டுப்படியாகாமல் மருந்தைப் பாதியில் நிறுத்துபவர் தம் உடல்நலத்தையே இழக்க நேரிடும். இக்கட்டுரை பொதுப்பெயர் மருந்துகளின் இயல்பை விளக்கி, அவை குறித்து நிலவும் கருத்துகளின்வழி நம் சமுதாயம் அளவுக்கு மீறி மதிக்கும் மூன்று எண்ணங்களை ஆராய முற்படுகின்றது.

1. பொதுப்பெயரும் வணிகப்பெயரும்

ஒரு மருந்துக்கு வேதியியற்பெயர், பொதுப்பெயர், வணிகப்பெயர் என மூவகைப் பெயர்கள் உண்டு. வேதியியற்பெயர் மூலக்கூற்றின் அமைப்பைச் சொல்வது, ஆய்வாளர்க்கே பயன்படுவது. பொதுப்பெயர் எந்த நிறுவனத்திற்கும் உரிமையாகாதது. உலகச் சுகாதார நிறுவனம் 1953ஆம் ஆண்டு முதல் அனைத்துலகப் பொதுப்பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டு வருகின்றது. வணிகப்பெயர் ஒரு நிறுவனத்தின் சொத்தாகும். பாராசிட்டமோல் என்பது பொதுப்பெயர்; பனடோல் என்பது அதன் வணிகப்பெயர்களுள் ஒன்று.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்றும், அவற்றைப் பொது, சிறப்பு என்றும் பகுத்துரைப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். அப்பகுப்பு மருந்துப் பெயர்களுக்கும் ஓரளவு பொருந்துகின்றது. வணிகப்பெயர்களுள் பல இடுகுறித் தன்மை உடையவை. பொதுப்பெயர்களுள் பலவோ காரணம் பற்றி அமைந்தவை. அட்டினோலோல், பைசோப்ரோலோல் ஆகியவற்றின் ஈற்றில் நிற்கும் ‘ஓலோல்’ என்னும் பகுதி, அவை இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதைக் காட்டுகின்றது. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் ‘ஸ்டாட்டின்’ என்னும் ஈறு கொழுப்பைக் குறைக்கும் வகையைச் சுட்டுகின்றது. விகுதியைக் கொண்டு திணை, பால் அறிவதுபோல ஈற்றைக் கொண்டு மருந்தின் இனத்தை அறியலாம்.

சிறப்புப்பெயர் பொதுப்பெயராக மாறியதும் உண்டு. ஆஸ்பிரின் என்பது 1899ஆம் ஆண்டில் பேயர் நிறுவனம் பதிந்துகொண்ட வணிகப்பெயர். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் அந்நிறுவனத்தின் தனியுரிமை நீங்கி, அது பொதுச்சொல்லாயிற்று. ஜெர்மனியில் அது வணிகப்பெயராகவே நீடிக்கின்றது. மருந்து ஒன்றுதான், பெயரின் உரிமையே இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

2. ஒப்புமை அறியப்படும் முறை

புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் நிறுவனத்திற்குக் காப்புரிமை வழங்கப்படுகின்றது. உலக வணிக அமைப்பின் உடன்பாட்டின்படி இதன் காலம் விண்ணப்ப நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுகள். அக்காலம் முடிந்தபின் பிற நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரிக்கலாம். இவையே பொதுவாகப் பொதுப்பெயர் மருந்துகள் எனப்படுகின்றன. கண்டுபிடிப்புச் செலவும் விரிவான மருத்துவச் சோதனைகளை மீண்டும் நடத்தும் தேவையும் இல்லாமையாலும், பல நிறுவனங்கள் போட்டியிடுவதாலும் இவற்றின் விலை குறைகின்றது. தரம் குறைந்தமையால்தான் விலை குறைந்தது என்று கருதுவது பிழையாகும்.

வாய்வழி உட்கொள்ளும் இவ்வகை மருந்துகள் பலவற்றிற்கு உயிர்ச்சமன்மை ஆய்வு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நலமுள்ள தன்னார்வலர் சிலருக்கு மூல மருந்தையும் பொதுப்பெயர் மருந்தையும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்து, இரத்தத்தில் மருந்து கலக்கும் அளவும் வேகமும் ஒப்பிடப்படுகின்றன. இவ்விகிதத்திற்கான 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி முழுவதும் 80க்கும் 125 விழுக்காட்டுக்கும் இடையில் அமைதல் வேண்டும். இவ்விதியைச் சிலர், ‘பொதுப்பெயர் மாத்திரையில் 80 விழுக்காடு மருந்தே இருக்கலாம்’ என்று திரித்துப் பொருள் கொள்கின்றனர். மாத்திரையில் உள்ள மருந்தின் அளவுக்கு வரம்பு தனியே உண்டு. அது இருவகை மருந்துக்கும் ஒன்றே. மேற்கூறிய எண்கள் புள்ளியியல் அளவீட்டின் எல்லைகள். இடைவெளி முழுவதும் அவ்வெல்லைக்குள் அடங்க வேண்டியிருப்பதால் சராசரி வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்க முடியும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்ட 2,070 ஆய்வுகளை 2009ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது, உடல் ஏற்கும் மொத்த அளவில் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 3.5 விழுக்காடாகவே இருந்தது.

3. விலையே தரம் என்னும் எண்ணம்

மிகைமதிப்பீடுகளுள் முதலாவது, விலை மிகுந்தது தரம் மிகுந்தது என்பதாகும். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அதில் 82 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரைகள் வலிநிவாரணி எனக் கூறித் தரப்பட்டன. மாத்திரையின் விலை 2.50 டாலர் என அறிந்தவர்களுள் 85 விழுக்காட்டினர் வலி குறைந்ததாகக் கூறினர். விலை 10 காசாகக் குறைக்கப்பட்டது என அறிந்தவர்களுள் அவ்வாறு கூறியோர் 61 விழுக்காட்டினர். இரண்டும் ஒரே மாத்திரை.

இதனை மக்களின் அறியாமை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நம்பிக்கை வலியுணர்வைக் குறைக்கின்றது என்பது உண்மை. ஆனால், நம்பிக்கை இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் பல்லாண்டுகள் கட்டுக்குள் வைத்திராது. அந்நோய்களுக்கு நாள்தோறும் தவறாமல் மருந்து உட்கொள்வதே வழியாகும். விலை உயர்ந்ததே சிறந்தது என நம்பி அதனைத் தொடர்ந்து வாங்க இயலாமல் இடையில் நிறுத்துபவரைவிட, மலிவான மருந்தை ஒழுங்காக உட்கொள்பவரே பாதுகாப்பான நிலையில் உள்ளார்.

4. புதுமையே மேன்மை என்னும் எண்ணம்

இரண்டாவது, புதியது எதுவும் பழையதினும் உயர்ந்தது என்பது. இதனை நீதிமன்றமே ஆராய்ந்த வழக்கு ஒன்று உண்டு. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்னும் மருந்தின் புதிய படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கோரியது. சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006ஆம் ஆண்டில் அதனை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட பல நிலைகளைக் கடந்து, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்தது. அறிந்த ஒரு பொருளின் புது வடிவம் காப்புரிமை பெற வேண்டுமாயின், அதன் நோய் தீர்க்கும் ஆற்றல் கூடியிருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு. புதுமை மட்டும் போதாது. புதுமையால் நோயாளிக்கு விளைந்த பயன் யாது என்பதே அங்குக் கேட்கப்பட்ட கேள்வி.

புதுமையை முற்றாகக் குறைத்து மதிப்பிடுதலும் நேர்மையன்று. இமாட்டினிப் தோன்றுமுன் அந்நோய் பெரும்பாலோர்க்கு உயிர்கொல்லியாக இருந்தது. தோன்றியபின் பலர் நீண்டநாள் வாழ்கின்றனர். அத்தகைய கண்டுபிடிப்புக்கு ஊதியம் வேண்டும். ஊதியத்திற்கும் உயிருக்கும் இடையே எல்லை எங்கே என்பதே வினா. 

மலேசிய அரசு இவ்வினாவை இருமுறை எதிர்கொண்டது. 2003ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து இறக்குமதி செய்து அரசாங்க மருத்துவமனைகளில் வழங்க, காப்புரிமைச் சட்டத்திலுள்ள அரசின் உரிமையை அது பயன்படுத்தியது. கல்லீரல் அழற்சி ‘சி’ நோய்க்கான சொபோஸ்புவிர் என்னும் மருந்து 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமானபோது 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். 2017ஆம் ஆண்டில் மலேசியா அதே உரிமையை இம்மருந்துக்கும் பயன்படுத்தியது. அதன் பயனாக, 2018ஆம் ஆண்டு முதல் அரசாங்க மருத்துவமனைகளில் நோயாளிகள் இதனைக் கட்டணமின்றிப் பெற முடிந்தது.

5. தேர்வுரிமை என்னும் எண்ணம்

மூன்றாவது, நுகர்வோரின் தேர்வுரிமையே அனைத்திற்கும் தீர்வு என்பது. கடையில் காய்கறி தேர்பவர் பொருளையும் விலையையும் தாமே காண்கிறார். நோயாளியோ மருந்தைத் தேர்வதில்லை. அவருக்காக மருத்துவர் தேர்கின்றார். மலேசியாவில் தனியார் கிளினிக்குகளில் மருந்தை எழுதுபவரும் அதனை விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. மாற்று மருந்து உண்டு என்பதோ அதன் விலை என்ன என்பதோ தெரியாதவரிடம், ‘நீரே தேர்ந்துகொள்க’ என்பது வெறும் சொல்லாகிவிடும்.

2025 மே 1ஆம் நாள் முதல் மலேசியத் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைத்தல் வேண்டும் என ஆணையிடப்பட்டது. தனியார் மருத்துவர் தரப்பில் இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. விலையை அறிதல் தேர்வுக்கு முதற்படியே. பொதுப்பெயரை அறியாதவருக்கு இரு பெட்டிகளின் விலைகளை ஒப்பிடவும் இயலாது. அவை ஒரே மருந்து என்பதே அவருக்குத் தெரியாது.

6. நியாயமான ஐயங்கள்

பொதுப்பெயர் மருந்து குறித்த ஐயங்கள் அனைத்தும் அடிப்படையற்றவை அல்ல. இந்தியாவின் ரான்பாக்சி நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, தரக்குறைபாடு தொடர்பான குற்றங்களை 2013ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு, மொத்தம் 50 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் காம்பியாவில் நச்சுக் கலந்த இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டு 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அதே வேளையில், உரிய அனுமதியோடு விற்கப்பட்ட வயோக்ஸ் என்னும் வணிகப்பெயர் மருந்து, இதயத்திற்கு ஊறு செய்தமையால் 2004ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டதையும் மறத்தலாகாது. பாதுகாப்பைத் தருவது பெயர் அன்று, கண்காணிப்பே ஆகும். மலேசியாவில் 1984ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்கீழ்ப் பதிவுபெற்ற மருந்துகளின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் எண் இருக்கும். நுகர்வோர் முதலில் நோக்க வேண்டிய அடையாளம் இதுவே.

வேறு சில வரம்புகளும் உள. வலிப்பு நோய்க்கான பெனிட்டோயின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் போன்றவற்றில் அளவு சற்றே மாறினும் விளைவு பெரிதாகலாம். இவற்றை மருத்துவர் அறியாமல் மாற்றுதல் கூடாது. மேலும், நிறுவனம் மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறுகின்றன. அதனால் முதியோர் சிலர் குழம்பி மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. அவர்களுக்கு விளக்கம் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

முடிவுரை

விலை, புதுமை, தேர்வுரிமை ஆகிய மூன்றும் மதிக்கத்தக்கவையே. அவற்றைப் பயனோடு ஒட்டி அளக்காமல் தாமாகவே உயர்ந்தவை எனக் கொள்ளும்போதுதான் அவை மிகைமதிப்பீடுகள் ஆகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்னும் நால்வகைக் கூறுகளைச் சிகிச்சைக்கு உரியனவாகக் கூறுகின்றது. இவற்றுள் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் அறிவு ஊட்டும் பணியில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. 

பனடோலோடு பாராசிட்டமோல் கலந்த சளி மருந்தையும் சேர்த்து உண்பவர் ஒரே மருந்தை இருமடங்கு உண்கின்றார். அளவு மிகுந்தால் கல்லீரல் கெடும். அரசாங்க மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியார் கிளினிக்கில் வேறொரு பெயரிலும் பெற்ற ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இரண்டும் வேண்டும் என எண்ணி உண்ணும் முதியவருக்கும் இதே இடர் உண்டு. இவ்விடர்களைத் தவிர்க்கத் தேவைப்படுவது உறையில் சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயரைப் படித்தறியும் பழக்கமே. பெயர்ச்சொல்லின் வகைகளை வகுப்பறையில் கற்பிக்கும்போது மருந்து உறை ஒன்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இலக்கணம் கற்ற மாணவர் வீட்டிலுள்ள பாட்டிக்கு அவ்வுறையைப் படித்துக் காட்டினால், அப்பாடத்தின் பயன் வகுப்பறைக்கு வெளியேயும் விளங்கும்.