மீண்டும் உயிர்பெறும் நீராவி இயந்திரங்கள்

புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில் இன்று மின்சார இரயில்கள் வந்து நிற்கின்றன. பட்டர்வொர்த்துக்குச் செல்லும் பாதை பிரியும் இவ்விடத்தில் ஒரு காலத்தில் நீராவி இரயில்களே ஓடின. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. 1950களின் இறுதியில் டீசல் இயந்திரங்கள் பெருகத் தொடங்கியதும் நீராவி இயந்திரங்களின் காலம் முடிவை நெருங்கியது. ஆயினும், உலகின் சில இடங்களில் அவை மீண்டும் ஓடுகின்றன. அதற்குப் பெரிதும் துணைநிற்பவர்கள் தன்னார்வலர்கள்.

இம்முயற்சிக்கு முன்னோடி, வேல்ஸ் நாட்டின் டாலிலின் இரயில் பாதை. கற்பலகைகளை ஏற்றிச் செல்ல 1865இல் அமைக்கப்பட்ட இப்பாதை, 1950இல் அதன் உரிமையாளர் இறந்ததும் மூடப்படும் நிலைக்கு வந்தது. ஆர்வலர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, 1951ஆம் ஆண்டு மே மாதம் இரயிலை மீண்டும் ஓட்டினர். தன்னார்வலர்கள் மீட்டு நடத்திய உலகின் முதல் இரயில் பாதை இதுவே.

நீராவி இயந்திரத்தைச் சீரமைப்பது எளிதன்று. அதன் இதயம் கொதிகலன். நெருப்பின் வெப்பம் பல குழாய்களின் வழியே சென்று, அவற்றைச் சூழ்ந்துள்ள நீரைக் கொதிக்க வைக்கிறது. அதனால் உண்டாகும் நீராவி பிஸ்டனைத் தள்ள, சக்கரங்கள் சுழல்கின்றன. துருப்பிடித்த கொதிகலன் அழுத்தம் தாங்காமல் வெடித்தால் உயிரிழப்பு நேரிடும். எனவே, பழைய குழாய்களை அகற்றிப் புதியவற்றைப் பொருத்துவர். பிறகு, கொதிகலனில் நீரை நிரப்பி அழுத்திச் சோதிப்பர். நீராவியைப் போல நீர் விரிந்து வெடிக்காது என்பதால் முதலில் இச்சோதனை செய்யப்படுகிறது. கடைகளில் கிடைக்காத உதிரிபாகங்களைத் தாங்களே வார்த்தும் கடைந்தும் உருவாக்குவர். இப்பணி முடியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய சாதனை நிகழ்ந்துள்ளது. 1855இல் இங்கிலாந்தில் உருவான ‘ஃபேரி குயின்’ இயந்திரம் 1909இல் ஓய்வுபெற்றது. 88 ஆண்டுகளுக்குப் பின், 1997இல் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர்கள் அதை மீண்டும் ஓடச் செய்தனர். உலகில் இயங்கும் மிகப் பழைய நீராவி இரயில் இயந்திரமாக அடுத்த ஆண்டே கின்னஸ் அதை ஏற்றுக்கொண்டது.

இரும்பை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். கைத்திறனை அவ்வாறு காக்க இயலாது. நெருப்பை எவ்வளவு மெதுவாக மூட்டுவது, ஓசையைக் கேட்டுப் பழுதை எவ்வாறு அறிவது என்பவற்றை மூத்தவரின் அருகில் நின்றே கற்க வேண்டும். கற்க இளையோர் முன்வராவிட்டால், அத்திறன் மூத்தவர்களோடு மறைந்துவிடும். ஆகவே, ஓர் இயந்திரத்தைச் சீரமைப்பவர்கள் அதனோடு ஒரு தொழிலறிவையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்கின்றனர்.