ஊஞ்சலில் ஒரு வெங்காய வியாபாரம்

"யாரும் தள்ளிவிடாமலே என் பேத்தி புளியமரத்து ஊஞ்சலில் மேலே மேலே போகிறாள். அந்த விசை எங்கிருந்து வருகிறது?" என்று பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 'ஆடிப்பாடி அறிவியல்' என்று விற்கும் கலர் பெட்டிகளைவிட இந்தக் கேள்வி உயர்ந்தது. பிள்ளைகளைக் குதிக்கவிட்டு "இதுதான் ஆற்றல்!" என்று கத்தினால் அவர்களுக்கு வியர்க்கும், வேறொன்றும் நடக்காது.

நின்று ஆடும் பிள்ளையின் முழங்காலைப் பாருங்கள். வீச்சின் உச்சியில் மடங்குகிறது. கயிறு செங்குத்தாகும் நொடியில் நிமிர்கிறது. சூட்சுமம் அந்த நேரக் கணக்கில். (உட்கார்ந்து காலை நீட்டி ஆடுவதன் கணக்கு வேறு, அது இன்னொரு வாரம்.)

கயிறு 60 டிகிரி சாய்கிறது என்று வைப்போம். பாட்டி அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும் உயரம் அது. 20 கிலோ பிள்ளை அந்த உச்சியில் பலகையை 10 கிலோ அளவுக்கே அழுத்துவாள். அடியைக் கடக்கும்போது வளைவில் பாயும் வேகமும் சேர்ந்து 40 கிலோவாகக் கனப்பாள். 10 கிலோவாக இருக்கையில் உட்காருகிறாள், 40 கிலோவாக இருக்கையில் எழுகிறாள்.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயக்காரருக்கு இது பழகிய கதை. அறுவடையில் கிலோ 10 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, நடவுக்கு விதை வெங்காயத்தை 40 ரூபாய்க்கு வாங்கும் நிலைமை. வித்தியாசம் வியாபாரி பையில். இங்கே பேத்திதான் விவசாயி, ஊஞ்சல் வியாபாரி. கிளையில் உராயும் கயிறும் எதிர்க்காற்றும் கமிஷன் தரகர்கள். தரகு போக மிச்சம் சேரச்சேர ஊஞ்சல் உயர்கிறது.

உடல் அரையடி எழுந்து அமர்ந்தால் வீச்சுக்கு ஏறத்தாழ 45 ஜூல் நஷ்டம். ஈடுகட்டுவது பள்ளியில் தின்ற காலை உப்புமா. தசை அதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும், மீதி சூடு. அப்படியும் 100 கிலோகலோரி உப்புமா 2,000 வீச்சுக்கு மேல் தாங்கும், காகிதத்தில்.

ஆடிப்பாடிக் கற்பதன் வரலாறு கேட்பவர்களுக்கு: செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலமெங்கும் பரவியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வெளியுலகில் விளையாட்டை வேலையாக்கும் ஆர்வம் எல்லை மீறியும் போனது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் குடிநீர் ஏறும் என்று தென்னாப்பிரிக்காவில் பிறந்த 'பிளேபம்ப்'புக்கு 2006-ல் அமெரிக்காவிலிருந்து பணம் கொட்டியது. சொன்ன அளவு தண்ணீருக்கு நாளுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று 'கார்டியன்' நாளிதழ் பிறகு கணக்குப் போட்டுக் காட்டியது.

பேத்தியிடம் 'ஆற்றல்' என்ற சொல்லே வேண்டாம். "எங்க எழும்போது கால் வலிக்குது கண்ணு?" என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டு முறை ஆடிப்பார்த்துவிட்டு "கீழ வரும்போது" என்று சொல்லிவிடும்.

அப்புறம் வியாபாரத்தைத் திருப்பிப் போடச் சொல்லலாம், தாழ்வான ஆட்டத்தில் மட்டும். உச்சியில் எழட்டும், அடியில் உட்காரட்டும். வெங்காயத்தைப் பட்டறையில் சேமித்து விலைக்குக் காத்திருந்த விவசாயியைப் போல மலிவில் வாங்கி ஏற்றத்தில் விற்கிறாள். விரைவிலேயே ஊஞ்சல் போண்டியாகிவிடும்.