பாலஸ்தாபனமும் பதிலிச் சித்திரமும்

கோயில்களில் திருப்பணி தொடங்குமுன், மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ பலகையில் எழுதிய படத்திலோ ஆவாகனஞ் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளுவிப்பர். இதனைப் பாலஸ்தாபனம் என்பர். குறிகட்டுவான் துறையிற் படகேறி நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களுக்கு இம்மரபு புதியதன்று. பலகைப்படம் கருவறைத் திருவுருவின் இடத்தை என்றைக்குங் கவர்வதன்று. பூசை தடைப்படாதிருத்தற் பொருட்டுச் சிலகாலம் நின்று, கும்பாபிடேகத்தோடு தன் பணியை முடிக்கின்றது. கணினி விளையாட்டாக்கத்திலும் இதனையொத்த வழக்கொன்று உண்டு. அது பதிலிச் சித்திரம்.

பெருநிறுவனங்களின் பொருளுதவியின்றி ஒருவரோ சிலரோ கூடி ஆக்கும் விளையாட்டிற்கே இது பெரிதும் வேண்டப்படுவது. நயினாதீவுத் துறைக்குப் படகு செலுத்தும் விளையாட்டொன்றை ஒரு மாணவன் ஆக்க முற்படுகின்றான் என்க. படகு திரும்புமாறு, காற்றின் விசை, ஆடுவோனுக்கு உண்டாகும் ஆர்வம் ஆகியவற்றை முதலிற் சோதித்தல் வேண்டும். ஓவியன் பல திங்கள் உழைத்துக் கோபுரத்தையும் துறையையும் வரைந்தபின் விளையாட்டின் விதி மாறுமாயின், அவ்வுழைப்பு வீணாகும். ஆதலின் தொடக்கத்திற் படகுக்கு ஒரு வண்ணச் சதுரமே போதும். ஆனால் ஆதரவு வேண்டிப் பொதுமக்களுக்குக் காட்டும்போது சதுரம் எவர் மனத்தையுங் கவராது. அப்பொழுதே பிறர் வரைந்த சித்திரங்கள் உரிமத்தோடு பெறப்படுகின்றன.

உரிமம் எற்றுக்கெனின், சித்திரம் வரையப்பட்ட அப்பொழுதே அதன் உரிமை வரைந்தவனைச் சாரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இவ்வுரிமை பதிவின்றியே பிறந்து, பொதுவாக ஆசிரியனது வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டுகளும் நிலைக்கும். தற்காலிகமாகவே பயன்படுத்தினோம் என்பது தக்க விடையாகாது. விளம்பரப் படமும் பொதுமக்கள்முன் வைக்கப்படும் வெளியீடேயாம்.

2002இல் வெளிவரத் தொடங்கிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இவ்விடரைப் பெரிதுங் குறைத்தன. அவற்றுள் ஒன்று ஆசிரியர் பெயரைச் சுட்டுமாறு மட்டும் கேட்கும். ஒன்று, மாற்றியமைத்த சித்திரத்தையும் அதே உரிமத்தின்கீழ் வெளியிடப் பணிக்கும். பிறிதொன்று வணிகப் பயனை விலக்கும். அந்நிறுவனத்தின் ‘ஸீரோ’ எனும் உரிமைத் துறப்போ யாதொரு நிபந்தனையும் விதியாது. 2009இல் தோன்றிய ‘ஓப்பின்கேம்ஆர்ட்’ என்னுங் களஞ்சியத்தில் ஒவ்வொரு சித்திரத்தின் பக்கத்திலும் அதற்குரிய உரிமம் குறிக்கப்பட்டுள்ளது. விற்பனைக்குரிய விளையாட்டை விளம்பரஞ் செய்வோன், வணிகப் பயனை விலக்கும் சித்திரத்தை அவ்விளம்பரத்திற் சேர்த்தல் தகாது.

உரிமம் பெற்ற மாத்திரத்தே கடமை முடிவதில்லை. முடிந்த விளையாட்டில் இல்லாத சித்திரத்தைக் காட்டிப் பொருள் பெறுதல், வாங்குவோனை மயக்குதலாகும். ஆகையால், ‘ஆக்கநிலைச் சித்திரம், மாறுதற்குரியது’ என்று விளம்பரத்திலேயே குறித்தல் முறை.

பதிலியை நீக்க மறத்தலும் பெருங்கேடு. பிரான்சிய நாட்டின் ‘கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்னும் விளையாட்டு 2025 ஏப்பிரலில் வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆக்கிய பதிலிப் படங்கள் சில அதனுள் எஞ்சியிருந்தன. அவை சில நாளிலேயே அகற்றப்பட்டன. எனினும் அவ்வாண்டு டிசெம்பரில் ‘இண்டி கேம் அவார்ட்ஸ்’ தான் வழங்கிய விருதுகளை மீளப்பெற்றது. பாலாலயப் படம் கும்பாபிடேகத்தின் பின்னுங் கருவறையில் நின்றாற்போன்ற நிலை அது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. பதிலிகளைத் தனியொரு கோப்புறையில் வைத்தல், ஒவ்வொன்றின் பெயரிலும் ‘பதிலி’ என்னுஞ் சொல்லைச் சேர்த்தல், ஆசிரியர் பெயர், பெற்ற இடம், உரிமம், நாள் என்பவற்றை ஒரேட்டிற் பதிதல், வெளியீட்டின்முன் அவ்வேட்டை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தல் என்பன அவை.

இன்னுமொன்று கருதத்தக்கது. களஞ்சியத்திற் கிடைக்குங் கோபுரம் எவ்வூர்க் கோபுரமோ ஆகலாம். கிடைக்கும் படகு எக்கடற் படகோ ஆகலாம். அவற்றையே நிலையாக விடின், உலகெங்கும் ஆடுவோர் அவற்றையே நயினாதீவென்று கொள்வர். தீவின் உண்மை வடிவத்தை வரையவேண்டிய கை தீவை அறிந்த கையே. அது வருங்காறும் இடங்காத்து நிற்பதே பதிலியின் சிறப்பு. வந்தபின் விலகி வழிவிடுவதே அதன் நிறைவு.