ஒளிநகரின் மேலுள்ள இருள்வான்: வளியொளிர்வுப் படப்பதிவும் மேல்வளிமண்டல அலைகளும்

முன்னுரை

நிலவற்ற இரவிலும் வானம் முற்றிலும் இருண்டிருப்பதில்லை. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர்களால் பிளவுற்ற மூலக்கூறுகளும் அயனியான அணுக்களும் இரவில் மீண்டும் வினைபுரியும்போது, ஆற்றலின் ஒரு பகுதி மங்கிய ஒளியாக வெளிப்படுகிறது. ஏர்குளோ எனப்படும் இவ்வளியொளிர்வு, துருவ ஒளியைப் போலன்றி, எல்லா அட்சரேகைகளிலும் ஒவ்வோர் இரவும் நிகழ்கிறது. இதனைப் படம்பிடித்து மேல்வளிமண்டலத்தை அறியும் முறையையும், மறைமலைநகர் போன்ற ஒளிமிகு தொழில்நகரின் மேலுள்ள வானுக்கு அம்முறை பொருந்துமா என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிறமும் உயரமும்

வளியொளிர்வின் ஒவ்வொரு நிறமும் ஒரு குறிப்பிட்ட உயரத்தைச் சார்ந்தது. ஐதரசனும் ஓசோனும் வினைபுரிந்து உருவாகும் ஹைடிராக்சிலின் அகச்சிவப்பு ஒளி ஏறத்தாழ 87 கி.மீ. உயரத்திலும், ஆக்சிசன் அணுவின் 557.7 நானோமீட்டர் பச்சை ஒளி ஏறத்தாழ 97 கி.மீ. உயரத்திலும், அதன் 630 நானோமீட்டர் செவ்வொளி அயனி மண்டலத்தில் ஏறத்தாழ 250 கி.மீ. உயரத்திலும் தோன்றுகின்றன. ஆகவே, வடிகட்டியை மாற்றினால் நோக்கும் உயரமும் மாறுகிறது.

முழு வானையும் அடக்கும் மீன்கண் வில்லை, குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடும் வடிகட்டி, குளிரூட்டப்பட்ட ஒளியுணரி ஆகியன இக்கருவியின் உறுப்புகள். படத்தில் தெரியும் விண்மீன்களின் நிலைகளைக் கொண்டு திசை கணிக்கப்படுகிறது. வில்லையின் வளைவுத் திரிபு நீக்கப்பட்டபின் அலைநீளமும், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு வேகமும் பெறப்படுகின்றன.

அலைகளும் குமிழிகளும்

இடிமேகங்களும் மலைமேல் வீசும் காற்றும் வளிமண்டல ஈர்ப்பலைகளை எழுப்புகின்றன. புவியீர்ப்பையும் மிதப்பையும் மீள்விசையாகக் கொண்ட இவை, ஐன்ஸ்டைன் கூறிய ஈர்ப்பலைகளினின்று முற்றிலும் வேறானவை. 87 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்ட அடர்த்தியில் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. எனவே மேலெழும் அலையின் வீச்சு பெருகி, இறுதியில் அலை உடைந்து, தன் உந்தத்தை அங்குள்ள காற்றோட்டத்திற்கு அளிக்கிறது. படங்களில் இவ்வலைகள் இணைகோடுகளாகத் தெரிகின்றன.

திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்திலுள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அங்குப் பதிவான படங்களைக் கொண்டு, சுவர்போல் முன்னேறும் ஒளிமாற்றமான இடையடுக்கு ஓதம் குறித்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று.

செவ்வொளிப் படங்களில் வடக்குத் தெற்காக நீண்ட கரும்பட்டைகள் சில இரவுகளில் தோன்றிக் கிழக்கு நோக்கி நகர்கின்றன. இவை எலக்ட்ரான் செறிவு குறைந்த பிளாஸ்மா குமிழிகள். இவற்றினூடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் துடிப்புறுவதால், வழிகாட்டுச் சேவைகள் பாதிக்கப்படுகின்றன. காந்த நடுவரைக்கு அண்மையிலுள்ள தென்னிந்தியாவிற்கு இது நடைமுறைச் சிக்கலாகும்.

மறைமலைநகரின் வான்

சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையிலுள்ள மறைமலைநகரில் தொழிற்சாலை, நெடுஞ்சாலை விளக்குகள் வளியொளிர்வை மூழ்கடிக்கின்றன. சோடியம் விளக்கொளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் செறிந்தது. வெள்ளை எல்இடி விளக்கோ 557.7, 630 நானோமீட்டர் இரண்டையும் உள்ளடக்கிப் பரவுகிறது. அகச்சிவப்பில் அதன் ஒளி மிகக் குறைவாதலால், ஹைடிராக்சில் பதிவுக்கு ஓரளவு வாய்ப்பு எஞ்சுகிறது.

எனினும் ஒரு நகரின் மேல்வானை அந்நகரிலிருந்தே நோக்க வேண்டியதில்லை. தேசிய வளிமண்டல ஆய்வகம் அமைந்த ஆந்திரத்தின் காதங்கி, மறைமலைநகரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளது. மறைமலைநகருக்கு நேர்மேலுள்ள செவ்வொளி அடுக்கு, காதங்கியில் தலையுச்சியிலிருந்து ஏறத்தாழ 25 பாகை சாய்வில் அமையும். ஹைடிராக்சில் அடுக்கு 50 பாகைக்குச் சற்று மேற்பட்ட சாய்வில் அமையும். இரண்டும் முழுவான் படக்கருவியின் பார்வைப் பரப்பிற்குள் அடங்குவன.

முடிவுரை

நிலவொளியும் வடகிழக்குப் பருவமழை மேகங்களும் நோக்கிற்குரிய இரவுகளைக் குறைக்கின்றன. ஆயினும் அவை விலகுவன; விளக்கொளி விலகுவதில்லை. நகரின் மேல்வானை அறிவதற்குத் தொலைவிலுள்ள சிற்றூரின் இருள் தேவைப்படுவதால், ஆய்வகங்களைச் சூழ்ந்த இருளைக் காப்பதும் கருவியை அமைப்பதற்கு இணையான ஆய்வுத் தேவையாகும்.