ஒரு கரித்துண்டுக்கு வயது சொல்வது எப்படி?

கீழடியைப் பற்றிப் பேசாத தமிழ் விழா மேடைகள் இன்று குறைவு. சிவகங்கை மாவட்டத்தில் வைகை ஆற்றுக்கு அருகிலுள்ள அவ்வூரில் 2018-ஆம் ஆண்டு நான்காம் கட்ட அகழாய்வு நடந்தது. அதன் அறிக்கையைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்டது. அங்குக் கிடைத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்டது கி.மு. 205-ஐச் சேர்ந்தது என்றும் அறிக்கை கூறியது.

அன்று முதல் 'கி.மு. 580' நம் நாவில் நிலைத்துவிட்டது. ஆனால், அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் 'கார்பன் டெஸ்ட்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடுகிறது. யாரேனும் அந்த எண்ணை மறுத்தால் நம்மிடம் கோபம் இருக்கிறது; விளக்கம் இருப்பதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவாவது போக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அணுவுக்குள் ஓர் எட்டு

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் அணுக்கரு உள்ளது. அதில் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும் மின்னூட்டமற்ற நியூட்ரான்களும் அடங்கியுள்ளன. வெளியே எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள் உள்ளன. ஓர் அணு எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கைதான். ஆறு புரோட்டான்கள் இருந்தால் அது கார்பன். ஏழு இருந்தால் நைட்ரஜன்.

நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறலாம். ஆறு நியூட்ரான்கள் உள்ள கார்பன், கார்பன்-12. ஏழு இருந்தால் கார்பன்-13. எட்டு இருந்தால் கார்பன்-14. எடை மாறினாலும் தனிம அட்டவணையில் இம்மூன்றுக்கும் ஒரே இடம்தான். கிரேக்க மொழியில் 'ஒரே இடம்' என்று பொருள்படும் சொற்களிலிருந்து 1913-இல் பிரடெரிக் சாடி 'ஐசோடோப்' என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினார். தமிழில் அதை 'ஓரிடத்தான்' என்கிறோம். பொருள் அப்படியே பொருந்தி நிற்கும் அழகிய கலைச்சொல் இது.

இயற்கையிலுள்ள கார்பனில் ஏறத்தாழ 98.9 விழுக்காடு கார்பன்-12, 1.1 விழுக்காடு கார்பன்-13. கார்பன்-14-இன் பங்கு ஏறத்தாழ இலட்சம் கோடி அணுக்களில் ஒன்று மட்டுமே. ஓர் அரிசி மணியின் எடை 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ அரிசிப் பைகள் 20 இலட்சத்தைக் கொட்டி, அந்தக் குவியலில் ஒரே ஒரு மணியைத் தேடுவதற்கு இது ஒப்பாகும்.

உயிர் உள்ளவரை வரவு

விண்ணிலிருந்து வரும் கதிர்களால் மேல்வளிமண்டலத்தில் நியூட்ரான்கள் உண்டாகின்றன. அவை நைட்ரஜன் அணுக்களைத் தாக்கும்போது கார்பன்-14 பிறக்கிறது. அது உயிர்வளியோடு சேர்ந்து கரிவளியாகிறது. ஒளிச்சேர்க்கையின் வழி மரத்துக்குள் புகுகிறது. மரம் வாழும் வரை இந்த வரவு தொடர்கிறது. மரம் மடிந்ததும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. கார்பன்-14 நிலையற்றது, மெல்ல மெல்லச் சிதைந்து மீண்டும் நைட்ரஜனாகிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறைகிறது. இதையே அரை ஆயுள் என்கிறோம். ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் மடிந்த மரத்தில் இன்று சுமார் 73 விழுக்காடு கார்பன்-14 எஞ்சியிருக்கும்.

இந்த அடிப்படையில் காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டிய வில்லார்ட் லிபி 1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் எண்ணியது சிதையும் அணுக்களை. அதற்குக் கிராம் கணக்கில் கார்பன் தேவைப்பட்டது. ஒரு மில்லிகிராம் புதிய கார்பனில் ஏறத்தாழ 6 கோடி கார்பன்-14 அணுக்கள் இருந்தாலும், அவற்றுள் ஒன்று சிதைவதைக் காண ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும்! சிதையும் வரை காத்திராமல் இருக்கும் அணுக்களையே நேரடியாக எண்ணினால் என்ன? இங்கேதான் பொருண்மை நிறமாலைமானி வருகிறது.

அணுவை நிறுக்கும் கருவி

அணுவைத் தராசில் வைக்க முடியாது. ஆனால், அதை ஓடவிட்டு, வளைவில் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கலாம். ஒரே வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளும் லோரியும் ஒரு வளைவில் திரும்புவதாக நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் சட்டென்று திரும்பிவிடும். பாரமான லோரி அகலமாகத்தான் திரும்பும். இக்கருவியிலும் அதுவே நடக்கிறது. முதலில் அணுவுக்கு மின்னூட்டம் ஏற்றி அயனியாக்குகிறார்கள். பிறகு மின்னழுத்தத்தால் அதை விரைந்து ஓடச் செய்து காந்தப்புலத்துக்குள் செலுத்துகிறார்கள். இலேசான அயனி அதிகம் வளையும். கனமானது குறைவாக வளையும். வெவ்வேறு இடங்களில் வந்து விழுபவற்றைத் தனித்தனியே எண்ணிவிடலாம்.

கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் 1912-13-இல் நியான் வாயுவை இவ்வாறு வளைத்துப் பார்த்தபோது 20, 22 என்னும் இரண்டு எடைகளுக்கான தடங்கள் தெரிந்தன. பின்னர் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-இல் மேம்பட்ட கருவியை அமைத்துப் பல ஓரிடத்தான்களைக் கண்டறிந்தார். அவருக்கு 1922-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும், கார்பன்-14-ஐ எண்ணுவதற்கு இக்கருவி மட்டும் போதவில்லை. நைட்ரஜனின் எடையும் 14தான். கார்பன்-13-உடன் ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தாலும், கார்பன்-12-உடன் இரண்டு சேர்ந்தாலும் அதே 14. ஓர் உண்மையான விருந்தாளியைச் சுற்றி அதே உடையில் பெருங்கூட்டம் நிற்கும் நிலை அது.

1977-இல் இதற்கு வழி பிறந்தது. அதுவே முடுக்கிப் பொருண்மை நிறமாலை முறை. கரித்துண்டை அமிலத்தாலும் காரத்தாலும் கழுவி, மண்ணிலிருந்து ஒட்டிய கார்பனை நீக்குகிறார்கள். பிறகு அதை எரித்துக் கரிவளியாக்கி, அதைக் கிராஃபைட்டாக மாற்றுகிறார்கள். அந்தக் கிராஃபைட்டிலிருந்து எதிர் அயனிகளை உண்டாக்குகிறார்கள். நைட்ரஜன் நிலையான எதிர் அயனியாவதில்லை. ஆகவே, அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. மற்றவை பல இலட்சம் வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்டு, மெல்லிய வாயு அல்லது தகட்டின் வழியே பாய்கின்றன. அங்கே எலக்ட்ரான்கள் உரிக்கப்படுவதால் ஹைட்ரஜனோடு சேர்ந்த மூலக்கூறுகள் உடைந்துபோகின்றன. எஞ்சி வரும் கார்பன்-14 அணுக்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. ஒரு மில்லிகிராம் கார்பனே இதற்குப் போதுமானது.

கருவி சொல்வதும் சொல்லாததும்

இனி 'கி.மு. 580'-க்கு வருவோம். கருவி தருவது ஆண்டு அன்று, விகிதம். காற்றிலிருந்த கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. எனவே, மரவளையங்களைக் கொண்டு உருவாக்கிய அளவீட்டு வளைவோடு அந்த விகிதத்தை ஒப்பிட வேண்டும். அந்த வளைவு கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அறிஞர்கள் அதை ஹால்ஸ்டாட் சமவெளி என்பர். அக்காலத்தில் இரு நூற்றாண்டு இடைவெளியில் மடிந்த இரு மரங்கள்கூட இன்று ஏறத்தாழ ஒரே விகிதத்தைக் காட்டலாம். 580 அந்தச் சமவெளிக்குள்தான் விழுகிறது. ஆகவே, அதை நாணயத்தில் பொறித்த ஆண்டைப் போல் கொள்ளலாகாது. ஒரு கால இடைவெளியின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

மற்றொன்று, கருவி அறிவது மரம் கார்பனை ஏற்பதை நிறுத்திய காலத்தை மட்டுமே. அதே அறிக்கை தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளைக் குறிப்பிடுகிறது. அந்த எழுத்துகளைக் கருவி பார்த்ததில்லை. ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில், கலையாத நிலையில் கிடந்தனவா என்பதைச் சொல்ல வேண்டியவர் மண்வெட்டியோடு குழியில் நிற்கும் தொல்லியலாளர்.

இவற்றால் கீழடியின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது என்பதே என் கருத்து. ஆழத்தில் பழையது, மேலே புதியது என்று மாதிரிகள் வரிசையாக அமைந்திருப்பது, தனியொரு எண்ணைவிட வலுவான சான்று. 2025-இல் கீழடியின் முதலிரு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. அத்தகைய விவாதத்தில் மாணவர்களாகிய நமக்கு உதவப்போவது உரத்த குரல் அன்று. எந்தப் பொருள் சோதிக்கப்பட்டது, எந்த அடுக்கில் கிடைத்தது, கால இடைவெளி எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளே உதவும். நமக்கு உவப்பான எண்ணிடமும் இக்கேள்விகளைக் கேட்கப் பழகினால், உவப்பில்லாத எண்ணிடம் அவற்றைக் கேட்கும் தகுதி நமக்குத் தானாக வரும்.