மீனின் தசையும் பிளாஸ்டிக் புட்டியும்

போர்ட் கொச்சிக் கடற்கரையின் சீன வலைகளில், வேம்பநாட்டுக் காயலிலிருந்து அடித்து வரப்படும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் புட்டிகளும் மீனோடு சேர்ந்து ஏறிவருவது அங்குள்ள மீனவர்களின் நெடுநாளைய குறை. வலையில் துள்ளும் மீனின் தசையில் நிகழும் ஒரு வினைக்கும், அதே வலையில் சிக்கும் புட்டியைத் தொழிற்கூடத்தில் மீண்டும் மூலப்பொருளாக்கும் வினைக்கும் வேதியியலில் கிளைக்காலிசிஸ் என்ற ஒரே பெயர் வழங்குகிறது. முன்னது சர்க்கரையைப் பிளப்பது, பின்னது கிளைக்கால் என்னும் திரவத்தால் பிளாஸ்டிக்கைப் பிளப்பது என்பதால், வழிமுறையில் இரண்டுக்கும் தொடர்பில்லை.

உயிரணுவுக்குள், ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட குளுக்கோஸ், நொதிகளின் துணையுடன் பத்துப் படிகளில், மும்மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகிறது. ஆற்றலை ஏந்திச் செல்லும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் இரண்டே இதில் நிகர வரவு என்றாலும், ஆக்சிஜன் இன்றியே இது நடப்பதால், மைட்டோகாண்ட்ரியா இல்லாத மனிதச் சிவப்பணுக்கள் ஆற்றலுக்கு இதையே நம்பியிருக்கின்றன. கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் இவ்வழியில்தான் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது.

மீன் இறந்து குருதியோட்டம் நின்ற பிறகும் இவ்வினை ஓய்வதில்லை. தசையில் சேமிக்கப்பட்டிருந்த கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் தொடர்ந்து உடைந்து லாக்டிக் அமிலம் சேர்கிறது. கிளைக்கோஜன் தீர்ந்து ஏ.டி.பி.யும் குறைந்ததும், தசையிழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விடுபட இயலாமல் போக, மீன் விறைக்கிறது. நெடுநேரம் துடித்துச் செத்த மீனில் கிளைக்கோஜன் முன்பே செலவாகிவிடுவதால் விறைப்பு விரைவில் வந்து விரைவில் நீங்கிவிடுகிறது. பிடித்தவுடன் மீனைப் பனிக்கட்டியில் இடும் வழக்கம் இந்நொதிகளையும், பின்னர் பெருகும் நுண்ணுயிரிகளையும் மந்தப்படுத்துகிறது. மீன் பதனிடுதல் உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், கொச்சியின் வில்லிங்டன் தீவில் இயங்குகிறது.

தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் பெட் என்னும் பிளாஸ்டிக், டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் எஸ்டர் பிணைப்பால் மாறிமாறிக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி. துண்டாக்கிய புட்டிகளை எத்திலீன் கிளைக்காலில் இட்டு, துத்தநாக அசிட்டேட் போன்ற வினையூக்கியுடன் ஏறக்குறைய 180 முதல் 240 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், கிளைக்கால் அப்பிணைப்புகளை அறுத்து, பி.எச்.இ.டி. என்னும் சிறு மூலக்கூறுகளாகச் சங்கிலியைப் பிரிக்கிறது. அவற்றைப் படிகமாக்கித் தூய்மைப்படுத்தி மீண்டும் கோத்தால் புதிய பெட் உருவாகிறது. வெறுமனே உருக்கி வார்க்கும் முறையில் சங்கிலிகள் குறுகித் தரம் தாழ்வதோடு சாயமும் தங்கிவிடுகிறது என்பதால், சாயமேறிய புட்டிகளுக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் கிளைக்காலிசிஸே ஏற்றது. ஆயினும் அதற்கான வெப்பமும் தூய்மைப்படுத்தும் செலவும் சிறியவை அல்ல.

எஸ்டர் பிணைப்பு இல்லாத பாலித்தீன் பைகளை இம்முறை தீண்டாது, பி.வி.சி. கலந்தாலோ வினையே கெடும். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றி, ஏறத்தாழ 12 நாள் கொச்சியைப் புகையில் ஆழ்த்திய தீயில் எரிந்தது பெரும்பாலும் வகை பிரிக்கப்படாமல் குவிந்த பிளாஸ்டிக்தான். கலந்துகிடக்கும் அத்தகைய குவியலை எந்த வேதியியலாலும் எளிதில் மீட்க முடியாது. ஆகவே புட்டியைக் கழுவி உலர்த்தி, கழிவு சேகரிக்க வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் தனியே கொடுப்பது ஒவ்வொரு வீட்டாரின் கடமை.