வழக்கொழிந்த தலைப்புக் கோப்பு

லினக்ஸில் பழைய மூலநிரலைத் தொகுக்கப் புகுவோர், 'சிஸ்சிடிஎல்.எச்' என்னும் தலைப்புக் கோப்பு இல்லையெனும் பிழைச்செய்தி கண்டு மயங்குதல் உண்டு. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம். ஜிலிப்சி நூலகம் 2019இல் அதனை வழக்கொழிவதென அறிவித்தது. 2020இல் லினக்ஸ் கெர்னலின் 5.5ஆம் பதிப்பு அதற்குரிய அழைப்பையே நீக்கிற்று. அவ்வாண்டிலேயே நூலகத்தின் 2.32ஆம் பதிப்பு கோப்பையும் அகற்றிற்று.

ஆதலின் பழைய கோப்பைப் படியெடுத்து வைத்தல் பயனற்றது. வீடு இடிந்தபின் வாயிலை மட்டும் நிறுத்துவதால் ஆவதென்னை? நிரல் அவ்வழைப்பை உண்மையில் ஆள்கின்றதா என முதற்கண் தேடுதல் வேண்டும். ஆளாவிடின், கோப்பைச் சேர்க்கும் வரியை லினக்ஸுக்கு மட்டும் விலக்குதல் அமையும், பி.எஸ்.டி. அமைப்புகளில் அக்கோப்பு இன்றும் உளது. ஆளுமாயின், வேண்டும் மதிப்பை '/ப்ராக்/சிஸ்' அடைவினின்று படிக்குமாறு திருத்துவோமாக. எழுதினோர் அகன்ற பின்னும் நிரல் வாழ்வது இத்தகைய சிறு திருத்தங்களாலன்றோ?